இரண்டு இடைவெளி

ஆறிருக்கும், தண்ணீர் இருக்காது;
கோட்டையிருக்கும், ராஜா இருக்கமாட்டார்
என்று எங்களூரைக் கேலி பேசுவார்கள்.
போன வியாழக்கிழமை
அந்த வரிசையில் எங்கள் சர்வீஸும் சேர்ந்தது.
பாட் எல்லாம் பச்சை. லாக் எல்லாம் சுத்தம்.
சேதி மட்டும் போய்ச் சேரவில்லை.

சேர்ந்தது. ஆனால் தமிழில்.

காகிதப்பட்டறையில்
மருந்துக்கடை மாடியில் நாங்கள் நான்கு பேர்.
ஆஸ்பத்திரியைச் சுற்றி நாற்பத்தொரு லாட்ஜ்.
டோக்கன் நகர நகர
அறையில் காத்திருப்பவர் போனுக்கு
அவரவர் மொழியில் ஒரு வரி:
உங்களுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர்.
அவ்வளவுதான் எங்கள் வியாபாரம்.

அதைக் கிளஸ்டரில் எப்படிக் கட்டி ஏற்றுவது என்று
மூன்று வாரம் சண்டை.
நான் ஹெல்ம் என்றேன்.
ஒரே சார்ட், நாற்பத்தொரு வேல்யூஸ் கோப்பு,
சறுக்கினால் ஒரே கட்டளையில் பழைய பதிப்பு.
முனிரத்தினம் கஸ்டமைஸ் என்றான்.
"ஹெல்ம்னா சுக்கான்.
பாலாத்துல சுக்கான வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"
அவனுக்கு டெம்ப்ளேட் ஆகாது.
இரட்டை அடைப்புக்குறிக்குள் போனதெல்லாம்
உறைக்குள் இருக்கும் எக்ஸ்ரே;
உருவி வெளிச்சத்தில் பிடித்தால்தான் எலும்பு தெரியும்.
யாமலை யாமலாகவே வை,
மாறுவதை மட்டும் மேலே ஒட்டு என்பான்.
நாற்பத்தொரு லாட்ஜுக்கு நாற்பத்தொரு ஃபோல்டரா என்றேன்.
"எண்ணத் தெரியுமில்ல?" என்றான்.

மேல்விஷாரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஃபர்ஹீன்
டிபன் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்:
"ராத்திரி மூணு மணிக்கு யார் எழுந்து பார்ப்பீங்க?
அவங்க கேக்கறதப் போடுங்க."
எழுந்து பார்ப்பது நான்.
ஹெல்ம் ஜெயித்தது.

வியாழக்கிழமை மூன்றே காலுக்கு
நிதாய் மண்டல் மாடிப்படி ஏறி வந்தார்.
கத்தவில்லை. போனை நீட்டினார்.
எட்டுச் சேதி. எட்டும் என் மொழியில்.
அவருக்கு அது எழுத்தே இல்லை,
சுழித்துச் சுழித்துப் போட்ட கோடு.
ஏதோ விளம்பரம் என்று நினைத்தாராம்.
மனைவியின் டோக்கன்
ஒரு மணி நேரம் முன்பே கடந்து போயிருந்தது.

புதிய லாட்ஜின் கோப்பில்
மொழி என்ற வரி
இரண்டு இடைவெளி உள்ளே தள்ளி நின்றது.
அப்படி நின்றால் அது வேறொருத்தி பிள்ளை.
ஹெல்ம் தேடவில்லை, முனகவில்லை.
காணாத இடத்தில்
இயல்பு மதிப்பை வைத்துவிட்டுப் போயிற்று.

நான்தான் அப்பவே சொன்னேனே என்று
முனிரத்தினம் சொல்லவில்லை.
"கஸ்டமைஸ்லயும் இது நடந்திருக்கும்" என்றான்,
திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.
திட்டியிருந்தால் தேவலை.

திருத்தி ஏற்ற எனக்கு நாற்பது நொடி.
டோக்கனுக்கு ரோல்பேக் கிடையாது.
ஃபர்ஹீன் தன் உருதுவோடு
அவருடைய அரைகுறை இந்தியைக் கூட்டிக்கொண்டு
கவுன்ட்டர் கவுன்ட்டராகப் போனாள்.
ஐந்தரைக்குத் திரும்பினாள்.
"பாத்துட்டாங்களா?"
"நாளைக்கு."
காட்பாடியிலிருந்து அவர்களுக்கு ரயில் இன்றிரவு.

எல்லோரும் போனபிறகு
சார்ட்டின் அடிக்கோப்பைத் திறந்தேன்.
மொழி: தமிழ்.
போன வருஷம் நான் எழுதியது.
யோசித்து எழுதியதுகூட இல்லை;
இந்த ஊரில் இருந்துகொண்டு
வேறென்ன எழுதியிருப்பேன்.

அழித்தேன்.
இயல்பாக எந்த மொழியும் இல்லை.
கீழே ஒரு ஸ்கீமா கட்டினேன்:
யார் படிக்கப்போகிறார் என்று சொல்லாதவரை
ஏற்றாதே.

வெற்றுக் கோப்பொன்றைக் கொடுத்துப் பார்த்தேன்.
மறுத்தது.
எந்த மொழி என்று சிவப்பில் கேட்டது.
எதிர் லாட்ஜ் வாசலில் யாரோ
கட்டிய பெட்டியை அவிழ்த்து
துணிகளைத் திரும்ப வெளியே எடுத்தார்கள்.
இன்னொரு முறை கொடுத்தேன்.
இன்னொரு முறை கேட்டது.